ஒட்டி நின்னாலும் எட்டி நிக்கும் டோக்கியோ!

மேல்படிப்புக்கோ, வேலைக்கோ டோக்கியோ கிளம்பறீங்களா பாஸ்? விசா, ஸ்வெட்டரோட இன்னொரு சமாசாரத்தையும் மறக்காம மனசுல பேக் பண்ணிக்குங்க. அதுக்குப் பேர் இடைவெளி!

அங்கே புது நண்பரைப் பார்த்ததும் 'மச்சி'னு தோள்ல கை போட்டுடாதீங்க... மனுஷர் மிரண்டுடுவார். ரெண்டு, மூணு அடி தள்ளி நின்னு, குனிஞ்சு வணங்குறதுதான் அவங்க ஸ்டைல். நீங்களும் பதிலுக்குக் குனியணும். ரொம்பக் கிட்ட நின்னா தலையும் தலையும் முட்டிக்கும்!

'ஓ, தொட்டாலே ஆகாது போல'னு உடனே முடிவு கட்டிடாதீங்க. காலை எட்டு மணிக்கு ஷின்ஜுகு ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாருங்க. உலகத்திலேயே அதிகம் பேர் வந்து போற ரயில் நிலையம்னு கின்னஸில் இடம்பிடித்த ஸ்டேஷன் அது. பயணிகளை முதுகில் கைவைத்துப் பெட்டிக்குள் தள்ளுவதற்கென்றே 1955-ல் இங்கே ஆள் போட்டார்கள். அதில் பெரும்பாலானவர்கள் பார்ட்-டைம் வேலைக்கு வந்த மாணவர்கள். நம்ம ஆளுங்கதான்!

சரி, மூணடி தள்ளி நின்னு வணங்குற அதே ஜனங்க, இந்த நெரிசலை எப்படித் தாங்குறாங்க? பெட்டிக்குள்ளே கவனிங்க. சத்தமே இருக்காது. செல்போன் சைலன்ட்டில் இருக்கும். யாரும் போன் பேச மாட்டாங்க. முதுகுப் பை முன்பக்கம் வந்துடும். யாரும் யாரையும் உத்துப் பார்க்க மாட்டாங்க. உடம்புக்கு இல்லாத இடத்தை, பார்வையாலும் மௌனத்தாலும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுத் தர்றாங்க.

எல்லாருமா அப்படி? இல்லை. நெரிசலைச் சாக்காக வெச்சு பெண்களிடம் கை நீட்டுறவங்க அங்கேயும் உண்டு. அதனால்தான் 2001-ல் கேயோ ரயில் நிறுவனம் பெண்களுக்கென்று தனிப் பெட்டி விட்டது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பசங்களா, காலையில் ஏறும் முன் பிளாட்ஃபார்மில் பெண்கள் பெட்டிக்கான அடையாளம் இருக்கானு பார்த்துக்குங்க. சந்தேகமே வரக்கூடாதுனு ரெண்டு கையாலும் மேலே வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆண்களையும் பார்க்கலாம்.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966-ல் வெளியிட்ட புத்தகத்தில், நெருங்கியவர்களுக்கு ஒன்றரை அடி, நண்பர்களுக்கு நாலு அடி வரை என்று அமெரிக்கர்களை வெச்சுக் கணக்குப் போட்டார். கணக்கு ஊருக்கு ஊர் மாறும்னும் அவரே சொல்லிட்டார்.

அதனால டேப் எல்லாம் வேண்டாம். எதிரில் நிக்கிறவர் ஒரு அடி பின்னால் நகர்றாரா? நீங்க முன்னால் போகாம அங்கேயே நில்லுங்க. அந்த ஒரு அடியை அவரே ஒருநாள் தாண்டி வரட்டும்!