கருஞ்செர்ரிக் காட்டில் மரம் பார்க்கும் விதம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் அலிகேனி மேட்டுநிலம் இருக்கிறது. அங்குள்ள கேன் என்னும் சிற்றூர், கருஞ்செர்ரி மரத்துக்கு உலகத் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. வீண் பெருமை அல்ல. மேசை, அலமாரி செய்வோர் தேடிப்போகும் மரம் அந்த வட்டாரத்தில்தான் சிறப்பாக விளைகிறது.

ஆனால் இந்தக் காட்டை யாரும் திட்டமிட்டு நடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன், தோல் பதனிடும் பட்டைக்காக ஹெம்லாக் மரங்களை வெட்டினார்கள். மிஞ்சிய சிறுமரங்களும் ரசாயன ஆலைகளுக்குப் போயின. மலை மொட்டையானது. 1923-ல் அரசு அங்கே தேசிய வனம் அமைத்தபோது, 'அலிகேனி புதர்க்காடு' என்று ஊரார் கேலி செய்தார்கள். செர்ரிக்கோ நிழல் ஆகாது, வெயில் வேண்டும். பறவைகள் போட்ட விதையும் மண்ணில் கிடந்த விதையும் மொட்டை நிலத்தில் முளைத்து நிமிர்ந்தன. மான்கள் மற்ற கன்றுகளை விரும்பி மேய்ந்ததும் இதற்குச் சாதகமாயிற்று.

மரத்தை அடையாளம் காண்பது எளிது. இளமரத்தின் பட்டை வழவழப்பாக, குறுக்குக் கோடுகளுடன் இருக்கும். முதிர்ந்தால் கருகிய அப்பளத்தை நொறுக்கி ஒட்டியதுபோல் செதில் செதிலாகப் பெயரும். இலையின் அடியில், நடுநரம்பை ஒட்டித் துரு நிறத்தில் மயிர் இருக்கும். குச்சியைச் சுரண்டினால் கசப்பு வாதுமை வாசனை வரும்.

அந்த வாசனையில் எச்சரிக்கையும் உண்டு. புயலில் முறிந்த கிளையின் இலை வாடும்போது, அதைத் தின்ற மாடுகளுக்கு சயனைடு விஷம் ஏறும். மூச்சுத் திணறிச் சில நிமிடங்களில்கூடச் சாகலாம். காற்றடித்த மறுநாள் வேலியோரம் பார்க்காமல் அங்கே கவனமான விவசாயி மாட்டை அவிழ்ப்பதில்லை. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து நம்மூர் மாடுகள் சாவதும் இதே விஷத்தால்தான்.

அறுத்த பலகையில் வைரம் இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில மாதங்களில் செம்பழுப்பாகும். புது மேசைமேல் ஒரு பாத்திரத்தை நெடுநாள் வைத்தால் அதன் தடம் வெளிறி நிற்கும். ஓரத்து வெள்ளைப் பகுதி அப்படிச் சிவக்காது. அதை ஒதுக்காமல் சேர்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும். தேக்கைவிடச் சற்று மெதுவான மரம், இழைப்புளிக்கு இணங்கும். மழுங்கிய ரம்பம் பட்டால் கருகும். சாயம் ஏற்றினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், எண்ணெய் போதும். கறுப்புப் பிசின் புள்ளிகள் நிறைந்தால் விலை இறங்கும்.

நல்ல மரத்துக்கு 80 முதல் 100 ஆண்டுகள் வேண்டும். அதனால் சிறு காட்டுக்காரர் வாழ்நாளில் ஒருமுறை விற்றாலே அதிகம். நேரான, பருத்த மரங்களை மட்டும் வியாபாரி கேட்பான். கொடுத்தால் கோணலும் நோஞ்சானும்தான் தங்கும், விதையும் அவற்றிலிருந்தே விழும். விவரமானவர்கள் முதலில் வனவியல் தெரிந்தவரைக் கூலிக்கு அமர்த்தி, நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு எடுத்து, வெட்ட வேண்டியவற்றுக்கு வண்ணம் பூசுகிறார்கள். பிறகு பல வியாபாரிகளிடம் மூடிய உறையில் விலை கேட்கிறார்கள். பணம் கைக்கு வந்த பிறகே காட்டுக்குள் ரம்பம் நுழைகிறது.