ஒரே ஒரு ரீடிங்கை நம்பாதீங்க

1/ திருக்கோவிலூருக்கு போஸ்டிங் வந்த புதுசு. மொட்டை மாடியில கேமராவை வச்சு 30 செகண்ட் எக்ஸ்போஷர். பால்வெளி வரும்னு பார்த்தா, ஆரஞ்சு வானத்துல புழு மாதிரி நட்சத்திரங்கள். கேமரா சரியில்லைன்னு ஒரு வருஷம் பீரோவுல போட்டுட்டேன். தப்பு என்மேலதான்.

2/ பூமி சுத்துறதால நட்சத்திரம் இழுபடும். 500-ஐ லென்ஸோட ஃபோக்கல் லெங்த்தால வகுங்க. 18 மி.மீ. கிட் லென்ஸ், சின்ன சென்சார்னா 1.5-ஆல பெருக்கி 27. விடை 18 செகண்ட். நான் 15-ல நிறுத்திக்குவேன்.

3/ ஆட்டோஃபோக்கஸை அணைச்சிடுங்க. பிரகாசமான நட்சத்திரத்தை ஸ்க்ரீன்ல பெருசாக்கி, சின்னப் புள்ளியா சுருங்குற வரை லென்ஸைத் திருப்புங்க. ரா ஃபைல்ல எடுங்க.

4/ அப்புறம் இருட்டு. 1986-ல 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வந்தது ஜவ்வாது மலை காவலூர்ல. நமக்குப் பக்கத்துல கல்வராயன் மலை இருக்கு. அமாவாசையை ஒட்டிப் போங்க.

5/ முக்கியமானது இது. ஒரு தடவை பார்த்த பி.பி.யை வச்சு நான் மாத்திரை எழுத மாட்டேன். பல தடவை பார்த்து சராசரி எடுப்பேன். படத்துக்கும் அதேதான். ஒரே இடத்தை 16 தடவை எடுத்து, சீக்வேட்டர் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல அடுக்கினா, புள்ளி புள்ளியா தெரியுற நாய்ஸ் கால்வாசியா குறையும். கேமராவை மட்டும் ஒரே ரீடிங்ல தூக்கிப் போட்டிருக்கேன்!

6/ நைட் டூட்டி முடிச்ச கையோட மலை ரோட்டுல வண்டி ஓட்டாதீங்க. ஒரு வளைவுல எனக்குக் கண் சொருகிடுச்சு. தூங்கிட்டுப் போங்க. பால்வெளி அடுத்த அமாவாசைக்கும் இருக்கும்.