அமெரிக்கப் பயணம் – 2: மறுநாள் இரவு 11:59 வரை

மீனம்பாக்கத்தில் சோதனைகளெல்லாம் முடித்து, விடியற்காலை 5:30 மணி லண்டன் விமானத்துக்காக உட்கார்ந்திருந்ததோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். அன்று போகி. மூன்று மணிக்கே ஊரெங்கும் கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். மார்கழிப் பனியோடு புகையும் சேர்ந்து இறங்கியதில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற விமானத்தின் வால்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சாதாரண வழிகாட்டிக் கருவி உள்ள ஓடுபாதையில் இறங்க, விமானிக்குக் குறைந்தது 550 மீட்டர் தூரமாவது பார்வை எட்ட வேண்டும். எங்களை ஏற்றிப் போக வேண்டிய விமானம் வானில் வட்டமடித்துப் பார்த்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டது. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கெஞ்சுவதை நானும் செய்தியாகப் படித்துக் கடந்தவன்தான். அன்றுதான் அது உறைத்தது.

பலகையில் ‘தாமதம்’ என்ற ஒரே சொல். எதனால், எத்தனை மணி வரை என்று சொல்ல ஆளில்லை. அந்தக் காத்திருப்பில்தான் அந்த அம்மா பழக்கமானார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். டல்லாஸில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. மடியில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதில் பாஸ்போர்ட், டிக்கெட், மாப்பிள்ளை எழுதிய அழைப்புக் கடிதம். கூடவே ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள். அதன் தலையில் மகள் தமிழில் எழுதியிருந்தாள்: ‘அம்மா, யாராவது ஏதாவது கேட்டால் இதைக் காட்டு.’

“தம்பி, நீங்களும் டல்லாஸா? அப்ப உங்க கூடவே வந்துடறேன்ப்பா” என்றார்.

நண்பகலுக்குக் கிளம்பி, ஹீத்ரோவில் இறங்கியபோது அங்கே மாலை 5:40. நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் டல்லாஸ் விமானம் மூன்று மணிக்கே போயிருந்தது. மாற்று விமானம் பிடிப்பவர்களுக்கு வழிகாட்டும் ஊதா நிறப் பலகைகளைப் பின்பற்றி நடந்து, ஒரு வரிசையின் கடைசியில் போய் நின்றோம். ஒன்றேமுக்கால் மணி நேரம். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. உட்காரச் சொன்னால், “வரிசை போயிடும் தம்பி” என்று மறுத்துவிட்டார்.

கவுன்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். நாளைய விமானங்கள் நிறைந்துவிட்டன, நாளை மறுநாள் காலையில் இருக்கை தருகிறேன், அதுவரை தங்க ஹோட்டல் கூப்பன் இதோ என்றார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். வாங்கிக்கொண்டு நகர்ந்திருந்தால் பெரிய சிக்கலில் மாட்டியிருப்போம்.

ஹோட்டல் இருப்பது குடிவரவு எல்லைக்கு வெளியே. எங்கள் இருவரிடமும் பிரிட்டன் விசா கிடையாது. ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுள் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோடு அந்த நாட்டுக்குப் போகிறவர், விமானம் மாறுவதற்காக விசா இல்லாமலே உள்ளே வர பிரிட்டனில் ஒரு விதி இருக்கிறது. அடுத்த விமானம் உறுதியாகியிருக்க வேண்டும். அது வந்திறங்கிய நாளுக்கு மறுநாள் இரவு 11:59-க்குள் புறப்பட வேண்டும். அப்போதும் விடுவதா வேண்டாமா என்பது எல்லை அதிகாரியின் முடிவு. நாளை மறுநாள் டிக்கெட்டோடு போனால் இந்த விதிக்குள் நாங்கள் வரவே மாட்டோம். கையில் ஹோட்டல் கூப்பனை வைத்துக்கொண்டு இரண்டு இரவு நாற்காலியில் கிடக்க வேண்டியதுதான்.

இதை இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை, அந்த அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருந்த அமெரிக்க விசாப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். மீண்டும் கணினியைப் பார்த்தார். மறுநாள் பிற்பகல் சிகாகோ வழியாக இரண்டு இடம் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த 261-ஆம் எண் விதியை, ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் பிரிட்டன் தன் சட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறது. புகைமூட்டம் போன்ற காரணத்துக்குப் பண இழப்பீடு கிடைக்காது. ஆனால் உணவு, தங்குமிடம், இரண்டு தொலைபேசி அழைப்பு ஆகியவற்றைத் தந்தே ஆக வேண்டும். அந்த அழைப்பில் அம்மா மகளிடம் பேசியது இவ்வளவுதான்: “நல்லா இருக்கேன். நாளைக்கு வரேன். ஒரு தம்பி கூட இருக்காரு. நீ அழாதே.”

எல்லையில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. அம்மா தன் கோப்பை அப்படியே நீட்டினார். அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்கினார். எதற்காகப் பயணம் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அம்மா கையை வயிற்றின் மேல் வளைத்துக் காட்டி, “டாட்டர்” என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். முத்திரை குத்தி, தேதியின் மேல் விரலை வைத்து என்னிடம் சொன்னார்: “நாளை இரவு 11:59-க்குள் புறப்பட்டுவிட வேண்டும். அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.” அந்த நாள் முழுவதும் எங்களுக்குக் கிடைத்த முதல் தெளிவான வாக்கியம் அதுதான். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அம்மாவின் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

ஹோட்டல் அறைக்குப் போன பிறகுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. அம்மாவின் சர்க்கரை மாத்திரைகள் பெரிய பெட்டிக்குள் இருந்தன. பெட்டியோ விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. கூப்பனுக்குக் கிடைத்த ரொட்டியில் பாதியும் சூப்பும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, கோப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.

சிகாகோவில் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைத்த கதையை அடுத்த பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன், வீட்டுப் பெரியவர்களைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று நாள் மாத்திரையும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். நடுவில் இறங்கும் நாட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் என்ன விதி என்று முன்கூட்டியே படித்து, தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார் என்று நம்பி அனுப்பாதீர்கள்.