பழைய வண்டிக்கு எந்தக் கூலன்ட்?

பட்டறைக்கு வருகிறவர்கள் கூலன்ட் விஷயத்தில் முதலில் கேட்பது, “பச்சை போடலாமா, சிவப்பு போடலாமா?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “உங்க ரேடியேட்டர் செம்பா, அலுமினியமா?” நிறம் என்பது தயாரிப்பாளர் கலக்கும் சாயம். எந்த நிறம் எந்த வகை என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி கிடையாது. ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு கேன்களுக்குள் அரிப்பைத் தடுக்கும் இரண்டு வேறு மருந்துகள் இருக்கலாம். பழைய வண்டிக்குக் கூலன்டைத் தீர்மானிக்க வேண்டியவை அந்த எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் இருக்கும் உலோகங்கள்.

அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். 1489 சிசி பழைய பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அதன் குழாய்களைத் தொட்டியோடு பிணைத்திருப்பது ஈயப்பற்று. பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினில் ஹெட் அலுமினியம். மாருதி 800-இலும் இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட்தான் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை உலோகங்களையும் தொட்டுக்கொண்டு ஒரே தண்ணீர் சுற்றிவருகிறது. அதில் உப்பு இருந்தால் உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் உண்டாகி, எது இளைத்த உலோகமோ அது அரிபடும். இதைத் தடுப்பதுதான் நம் ஊரில் கூலன்டின் முதல் வேலை.

“நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது?” என்று கேட்டு வெறும் தண்ணீரிலேயே ஓட்டுகிறவர்கள் இன்னும் நிறைய. உறைவதைத் தடுப்பது கூலன்டின் ஒரு குணம் மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவது இன்னொன்று. மேட்டுப்பாளையத்தில் கிளம்பிக் குன்னூர் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கும்; ரேடியேட்டர் முகத்தில் அடிக்கும் காற்றோ குறைவு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால் கலந்தால், சமவெளியில் கொதிநிலை 108 டிகிரி அளவுக்குப் போகிறது. இதோடு ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர வேண்டும். 7 பவுண்டு மூடி ஒழுங்காகப் பிடித்தாலே 10 டிகிரிக்கு மேல் கூடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் எந்தக் கூலன்டும் காப்பாற்றாது. அதற்காக 7 பவுண்டு மூடி இருக்க வேண்டிய இடத்தில் 15 பவுண்டு மூடியைப் போட்டுவிடாதீர்கள். பழைய பற்று விட்டுவிடும்.

இனி வகைகள். பழைய முறைக் கூலன்டில் சிலிகேட், பாஸ்பேட், போரேட் போன்ற கனிம உப்புகள் உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து காக்கின்றன. படலம் சீக்கிரம் உருவாகும். மருந்தும் சீக்கிரம் தீரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஓஏடி எனப்படும் புதிய முறையில் வேலை செய்வது கரிம அமிலங்கள். அவை ஐந்து வருடம் வரைகூட நிற்கும். அலுமினிய ரேடியேட்டரும் புதிய வகை சீல்களும் கொண்ட இன்றைய வண்டிகளுக்கு அது சரி. ஈயப்பற்று வைத்த பித்தளை ரேடியேட்டருக்கு அதை நான் போடுவதில்லை. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பிறந்த பிரிட்டனில், பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பே தன் உறுப்பினர்களுக்கு ஓஏடி பற்றி எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

ஈயப்பற்று கெட்டுவருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். மேல் தொட்டியின் அடியில் குழாய்களின் வாய் வரிசையாகத் தெரியும். நல்ல ரேடியேட்டரில் அந்த வாய்கள் சுத்தமான நீள்வட்டங்கள். மருந்து தீர்ந்த அல்லது பொருந்தாத கூலன்ட் ஓடியதில், வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். பற்றுதான் அப்படிக் கரைந்து வெளியே வருகிறது. அந்தப் பொடியே போய் மற்ற குழாய்களை அடைக்கும். அடைப்பு என்று சொல்லி ஆசிட் ஊற்றிக் கழுவினால், மிச்சமிருக்கும் பற்றும் போகும்.

இரண்டு வகைகளைக் கலப்பது, பொருந்தாத ஒன்றை ஊற்றுவதைவிட மோசம். மருந்துகள் ஒன்றையொன்று கெடுத்து, சில சமயம் சிலிகேட் கூழாகத் திரண்டு குழாயில் தங்கிவிடும். பழையது என்னவென்று தெரியாத வண்டியில், முழுவதையும் இறக்கிக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி.

கூலன்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது தண்ணீருக்குக் கொடுக்க வேண்டும். போர் தண்ணீரின் கடினத்தன்மை சூடான ஹெட்டில் சுண்ணாம்பாகப் படிகிறது. பாஸ்பேட் உள்ள கூலன்டோடு சேர்ந்தால் படிவம் இன்னும் கூடும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரை வாங்குங்கள். பாட்டிலில் இருப்பது ஆசிட் இல்லை, தண்ணீர்தான் என்பதை லேபிளில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கலவை விகிதத்தில் ‘அதிகம் ஊற்றினால் நல்லது’ என்ற கணக்கு செல்லாது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. கிளைகால் கூடக் கூட அந்தத் திறன் குறையும். சுத்தக் கிளைகால் ஏறக்குறைய -13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி கலந்தது -37 வரை தாங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அரிப்புத் தடுப்பு போதாது. நம் ஊர் வண்டிக்குப் பாதிக்கு மேலே போக அவசியமும் இல்லை.

கணக்கு தவறுவது பெரும்பாலும் ஊற்றும்போதுதான். 8 லிட்டர் கொள்ளும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். கழுவிய பின் ரேடியேட்டரை மட்டும் இறக்கினால் 5 லிட்டர் வரும், 3 லிட்டர் தண்ணீர் பிளாக்கிலேயே நிற்கும். அதன் மேல், பாதிக்குப் பாதி கலந்தே வரும் ரெடிமிக்ஸ் 5 லிட்டர் ஊற்றினால், உள்ளே கிளைகால் இரண்டரை லிட்டர்தான், 31 சதவீதம். பாதிக்குப் பாதி போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் நான் கடைசி அலசலை டிஸ்டில்ட் வாட்டரில் செய்வேன். பிளாக்கில் தங்குவது நல்ல தண்ணீராக இருக்கும். பிறகு கலக்காத கான்சன்ட்ரேட் 4 லிட்டரை முதலில் ஊற்றி, மிச்சத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர் விடுவேன். பிளாக்கின் டிரெயின் டேப் அடைத்திருந்தால் கம்பி விட்டு எடுங்கள்; துருச் சேறு முழுக்க அங்கேதான் கிடக்கும். ஊற்றிய பின் மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகும்வரை காத்திருந்து, காற்று வெளியேறியதும் அளவைச் சரிசெய்ய வேண்டும். சூடு குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் அதையும் திரும்ப மாட்டுங்கள்.

பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிக்குக் கூலன்ட் போட்டதும் கசிவு தெரிய வரலாம். கூலன்டைத் திட்டாதீர்கள். அதுவரை துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. ஹோஸும் வாட்டர் பம்ப் சீலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இறக்கிய கூலன்டைச் சாக்கடையிலோ தெருவிலோ விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, எழுதி ஒட்டி, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த வகை, எந்த விகிதம், எந்தத் தேதி என்று ஒரு தகர வில்லையில் எழுதி, ரேடியேட்டர் பக்கத்தில் கம்பியால் கட்டிவிடுங்கள். அடுத்து அந்த பானெட்டைத் திறக்கும் மெக்கானிக் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.