கண் மூடிய பயிற்சி

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்குவதும், கூரையில்லாத கூடைப்பந்துக் களங்கள் வெறிச்சோடிக் கிடப்பதும் மும்பைவாசிகளாகிய நமக்குப் பழகிப்போன காட்சிகள். நாக்பாடாவைப் போலவே மாதுங்காவிலும் இவ்வாட்டத்தின் மீது நெடுநாள் பற்று உண்டு. செம்பூரிலிருந்து அங்கே ஆடச் செல்லும் எம் இளைய மகனையும் அது பற்றிக்கொண்டது.

சென்ற ஆண்டு ஒரு போட்டியின் கடைசி நிமிஷம். அவனுடைய அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அவனுக்கு இரண்டு தனி எறிகள் கிடைத்தன. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன. வீடு திரும்பியவன் சோற்றைத் தொடவில்லை. "பயிற்சி போதாது, கவனமும் போதாது" என்று நாம் சொன்ன சொல், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாயிற்று.

பிறகு மழைக்காலம். ஒருநாள் மாலை அவன் சுவரை நோக்கி நின்று, கண்ணை மூடி, விரல்களை விரித்து வைத்திருந்தான். "பாடப் புத்தகம் எங்கே? இதென்ன கூத்து?" என்று அதட்டினோம். "பந்து இன்னும் கையில்தான் இருக்கிறது, அப்பா. எறிந்துவிட்டு வருகிறேன்" என்றான். பயிற்சியாளர் கற்பித்த பாடமாம். உண்மையில் இதற்குப் பயன் உண்டா என்று அறிய நாமும் சில நூல்களைப் புரட்டினோம்.

தனி எறியை எதிரணியார் எவரும் தடுக்கலாகாது. கோடு பலகையிலிருந்து 15 அடி. வளையம் 10 அடி உயரம். அதன் வாய் 18 அங்குலம். எறிவதற்குச் சர்வதேச விதிப்படி 5 விநாடி. எந்த ஊரில் ஆடினாலும் இவ்வளவுகள் மாறுவதில்லை. மாறாத ஒன்றை மனத்தில் வரைந்துகொள்வது எளிதன்றோ? 1930களில் ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர், கையை மடக்குவதாக நினைத்த மாத்திரத்திலேயே கைத்தசையில் நுண்ணிய மின் சலனம் எழுவதைக் கருவிகொண்டு கண்டார். 1960இல் கிளார்க் என்பவர் 144 பள்ளி மாணவரைக் கொண்டு தனி எறியையே சோதித்து முடிவை வெளியிட்டார். ஆடிப் பழகியவர்களுக்கு மனப்பயிற்சி, மெய்ப்பயிற்சிக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. புதியவர்களுக்கோ அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. காணாத ஊருக்கு மனத்தில் வழி போடுவது எப்படி?

இதைப் படித்தபோது திருநின்றவூர்ப் பூசலார் நினைவுக்கு வந்தார். பொருள் கிட்டாமையால் மனத்திலேயே கோயில் எடுத்தவர் என்று பெரியபுராணம் கூறும். அவர் அதை ஒரு நொடியில் கட்டி முடிக்கவில்லை என்பதுதான் நம்மை வியக்க வைக்கிறது. சாதனங்கள் தேடி, தச்சரை அமர்த்தி, நாள் பார்த்து, அடிநிலை முதல் சிகரம் வரை படிப்படியாக எடுத்தார். இக்காலப் பயிற்சியாளர் கூறுவதும் அதுவே. மெய்யான எறிக்கு ஆகும் நேரமே மன எறிக்கும் ஆக வேண்டும். பந்தின் சொரசொரப்பு விரலில் தெரிய வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும். பார்ப்போர் கூச்சல் காதில் விழ வேண்டும்.

அவனுடைய அணித்தோழன் ஒருவன் தாராவிப் பிள்ளை. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். ஓரறை வீட்டில் ஆறு பேர். கண்ணை மூடி அமர இடமின்றி, மாடிக்குச் செல்லும் இரும்பு ஏணியின் மேற்படியில் உட்கார்ந்து, மனத்தில் பத்து எறி எறிந்துவிட்டுத்தான் படுப்பானாம்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. கோல்ஃப் ஆட்டத்தில் செய்து 1985இல் வெளியிட்ட சோதனையொன்றில், பந்து குழியைத் தவறுவதாக எண்ணிக்கொண்டு அடித்தவர்களின் ஆட்டம் மெய்யாகவே கெட்டதாம். மகனிடம் இதைக் கூறினோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "கண்ணை மூடினால் எனக்கும் பந்து வெளியேதான் விழுகிறது, அப்பா. உடனே நீங்கள் அன்று சொன்னது கேட்கிறது" என்றான்.

நாம் என்ன மறுமொழி கூறுவது? மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு மாதுங்காவுக்குப் போனோம். ஈரம் காயாத பெஞ்சில் உட்கார்ந்தோம். கணக்கு வைக்கவுமில்லை, வாய் திறக்கவுமில்லை. ஒவ்வொரு எறிக்கு முன்னரும் அவன் கண்ணை மூடித் திறந்தான். சில விழுந்தன, சில விழவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் பத்து, அப்பா" என்றான். சரி என்றோம்.