மறதி மரணமன்று

மறந்தவனை இறந்தவன் என்று எவரும் எரிப்பதில்லை. கணிப்பொறிக்கு மட்டும் அந்த நீதியை நாம் வழங்குவதில்லை.

திருவனந்தபுரத்தில், காரியவட்டம் வளாகத்தில் பயிலும் என் நண்பரின் பழைய கணிப்பொறியில், தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்துபோயிற்று. புதியது இட்டபின் பொறி எழவில்லை. 'துவக்க வட்டு இல்லை' என்றது திரை. வட்டிலோ, இந்நகரில் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' பற்றிய ஆய்வேடு. வேறு படியும் இல்லை! பழுது பார்ப்பவர் ஒருவர், வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாய் நிறுவச் சொன்னார். நண்பர் முகம் வெளிறிற்று. நான் தடுத்தேன்.

நாணயம் போன்ற அந்த 3 வோல்ட் மின்கலமே இத்தகைய பழைய பொறிகளில் நாளையும் அமைப்புகளையும் நினைவில் நிறுத்துகிறது. அது நீங்கினால் பயாஸ், தொழிற்சாலையில் கற்ற பாடத்திற்கே திரும்பிவிடும். 'லெகசி' முறையில் நிறுவிய வட்டினை, 'யூ.இ.எஃப்.ஐ.' முறை மட்டும் அறிந்த பொறி துவக்காது.

பொறியை இயக்கியதும் எஃப்2 விசையை அழுத்தி அமைப்புத் திரையைத் திறந்தேன். பட்டியலில் வட்டின் பெயர் இருந்தது. பாதி உயிர் வந்தது. நாளைத் திருத்தி, 'சி.எஸ்.எம்.' என்னும் பழைய முறையை இயக்கிச் சேமித்தேன். பொறி எழுந்தது, ஆய்வேட்டில் ஓரெழுத்தும் குறையவில்லை.

தோழர்களே, பொறி பேசாவிடில் 'என்ன மாறியது?' என்று முதலில் கேளுங்கள். அமைப்புத் திரையைப் படமெடுத்து வையுங்கள். ஆய்வேட்டுக்கு மறுபடி வையுங்கள். அழிக்க என்றும் நேரமுண்டு. அழித்ததை மீட்கத்தான் நேரம் வாய்ப்பதில்லை.