லாபம், ரெண்டு, மூணு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் படுக்கையில் விழுந்தவர் யாராவது இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என் அண்ணன் மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர். தை பிறந்தால் பாத்தியில் இறங்குவார். ஐப்பசி மழை வந்தால்தான் கரை ஏறுவார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து அவர் உப்பு வாரிய கூலியில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம், அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் இழுத்துக்கொண்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அண்ணியால் தூக்க முடியாது, பிள்ளைகள் சென்னையில். பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் நான்தான் போனேன்.

முதல் நாளே தப்பு செய்தேன். அவரை உட்கார வைக்க இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினேன். "ஐயோ"ன்னு ஒரு சத்தம் போட்டார். மறுநாள் தோள் வீங்கியது. அதன்பின் அந்தக் கையை யாரையும் தொட விடவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்யும் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருவது பலருக்குத் தெரியும். இயன்முறை சிகிச்சையும் வரும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், கையைப் புடிச்சு யாராவது இழுத்தீங்களா?" என்றார்.

"வண்டியில ஏத்தும்போது ஆயிருக்கும்மா" என்றேன். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவன் நான். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண் விளக்கினார். தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. சுற்றியுள்ள தசைதான் கையைத் தாங்குகிறது. தசை செயலிழந்தால் கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். அதில் நாமும் சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும்?

"நான் தினமும் வர முடியாது சார், நீங்கதான் கத்துக்கணும்" என்றவர், என்னையே கட்டிலில் படுக்கச் சொல்லி என் கையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கை முழங்கைக்கு அடியில், மறு கை மணிக்கட்டில். மெதுவாக, வலி தொடங்கும் இடம் வரைக்கும்தான். பிறகு அண்ணனுக்கு என்னைச் செய்யச் சொன்னார். இரண்டு முறை தப்பு, மூன்றாம் முறைதான் "சரி சார்" வந்தது.

தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், இடுப்பு, முட்டி, கணுக்கால். ஒவ்வொன்றும் பத்து முறை, காலை மாலை. அசைக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும். குதிகால் தசைநார் சுருங்கிப் பாதம் தொங்கிவிடும். பிறகு கால் தரையில் சமமாகப் பதியாது.

எண்ணுவது அண்ணன் வேலை. உப்பு அளந்த பழக்கம், ஒன்று என்று சொல்லவே மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு..." என்பார்.

மூன்றாவது வாரம், காலை மடக்கிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அன்னிக்கு உன் தோளைக் கெடுத்தது நான்தான். பொய் சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதா? என் கைதானேடா. காலை உட்டுடாத, இன்னும் ஆறுதான் ஆச்சி" என்றார்.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது அவரிடமும் சொன்னேன். "வீட்டுக்கு வீடு இப்படித்தான் சார், யாரும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

இப்போது அண்ணன் வலது கையில் கோல் ஊன்றி டீக்கடை வரை நடக்கிறார். இடது கை தோள் உயரத்துக்கு மேல் எழவில்லை. இனி பலகை பிடிக்க முடியாது. அதில் நோயின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் செய்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்தும் தூக்காதீர்கள்.

2. எழுப்ப: முட்டியை மடக்கி, ஒருக்களித்துப் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, பிறகு உட்கார வையுங்கள்.

3. நிற்க வைக்க: இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். அவர் முன்னால் நன்றாகக் குனியட்டும். இடுப்பில் மடித்த துண்டைக் கட்டி அதைப் பிடியுங்கள். அவருடைய பலமில்லாத முட்டி மடங்காமல் உங்கள் முட்டியால் அணை கொடுங்கள்.

4. நாற்காலியை நல்ல கால் பக்கம் போடுங்கள். நடக்கும்போது நீங்கள் பலமில்லாத பக்கம் நில்லுங்கள்.

5. சட்டை போடும்போது பலமில்லாத கை முதலில்; கழற்றும்போது அது கடைசியில்.

6. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வந்தால் ஆறுவது கடினம்.

பாசம் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் இழுத்தேன். கற்றுக்கொண்டு தொடுங்கள்.

மாலை ஐந்து ஆகப்போகிறது. அண்ணன் கட்டிலில் காத்திருப்பார். வருகிறேன்.